நெல் வைக்கோலின் குறையும் அதை நீக்கும் முறையும்

தாமிரவருணிப் பாசனத்தில் கார், பிசானம் என்னும் இரு போகமும் விளையும் கிராமங்களில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. பாளையங்கோட்டையைச் சூழ்ந்த நன்செய் ஊர்களில் பிசான அறுவடை முடிந்ததும் களந்தோறும் போர் உயர்ந்து நிற்கும். ஆயினும் அவ்வூர்களிலேயே சித்திரை பிறந்ததும் பசுக்களின் விலா எலும்பை எண்ணிவிடலாம். பால் வற்றும், ஈன்ற பசு மறுபடி சினைக்கு வரத் தாமதமாகும். இது தீவனம் இல்லாமையால் வரும் மெலிவன்று. வயிறு நிறைந்தும் சத்துச் சேராமையால் வருவது.

நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கே உள்ளது. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே நாரைப் புளிக்கவைத்துச் செரிக்கச் செய்கின்றன. அவை பெருகுவதற்குத் தீவனத்தில் 7 பங்கேனும் புரதம் வேண்டும். அது குறைந்தால் செரிமானம் மந்தமாகி, பழைய வைக்கோல் இரைப்பையில் தங்கும். மாடு புதியதை உண்பதும் குறையும். போதாக்குறைக்கு, இதில் மணற்சத்து மிகுதி; ஆக்ஸாலிக் அமிலமோ சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவொட்டாது. கரிசற்காட்டுச் சோளத்தட்டை இவ்வகையில் நெல் வைக்கோலினும் மேலானது.

காரத்தால் நாரை இளக்கலாமென்பது புதிய செய்தியன்று. முதல் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் பெக்மன் என்பவர் வைக்கோலைச் சோடாக்காரத்தில் ஊறவைக்கும் முறையை வகுத்தார். அதற்குச் செலவும் கழுவும் நீரும் அதிகம். 1980-களில் இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் இந்திய ஆராய்ச்சி நிலையங்களிலும் சோதிக்கப்பட்ட யூரியா முறையே நெல் விளையும் நாடுகளுக்கு ஏற்றது.

உலர்ந்த வைக்கோல் 100 கிலோவுக்கு யூரியா 4 கிலோ, நீர் 50 முதல் 60 லிட்டர். யூரியாவை நீரில் முற்றிலும் கரைத்துக்கொள்ள வேண்டும். வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின்மேலும் பூவாளியால் சீராகத் தெளித்து, காற்று நில்லாதபடி நன்றாக மிதிக்க வேண்டும். பின் பாலித்தீன் விரிப்பால் இறுக மூடி, ஓரங்களில் மண் அணைத்து 21 நாள் வைத்திருக்க வேண்டும். யூரியா பிரிந்து அம்மோனியாவாகி நாரை இளக்கும். புரத அளவும் ஏறக்குறைய இரட்டிக்கும். மூட்டத்தில் கஞ்சத்தனம் செய்து காற்றுப் புகவிட்டால் அம்மோனியா பறந்துபோகும். செலவழித்த யூரியாவும் வீணே. பூஞ்சணம் பிடித்த வைக்கோல் இதற்கு உதவாது.

பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 அல்லது 6 கிலோ என்று கணக்கிட்டு இரண்டு அட்டிகள் போட்டுக்கொண்டால், ஒன்றை உண்டு தீருமுன் மற்றது பதமாகும். போடுமுன் ஒரு மணி நேரம் காற்றாட விரித்து நெடி போக்க வேண்டும். முதல் வாரம் சாதா வைக்கோலோடு கலந்து பழக்குதல் நலம். 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கலாகாது.

யூரியாக் கரைசலையோ கட்டியையோ மாடு தின்ன நேர்ந்தால் அது விஷமே. சிறிது நேரத்தில் நடுக்கம், உமிழ்நீர் ஒழுக்கு, வயிற்றுப்புசம், தள்ளாட்டம் காணும். வினிகரை நிரம்பக் குளிர்ந்த நீருடன் புகட்டுவதோடு கால்நடை மருத்துவரை உடனே வரவழைக்க வேண்டும். தெளித்து மிஞ்சிய நீரைத் தொட்டியில் விட்டுவைப்பதே பெரும்பாலும் இவ்விபத்துக்கு வழியாகிறது.

வைக்கோலில் 'ஏ' வைட்டமின் இல்லை. யூரியாவும் அதைத் தாராது. ஆகையால் நாளும் சிறிது பசுந்தழை இன்றியமையாதது. தோட்ட ஓரங்களில் அகத்தியையும் சவுண்டலையும் வளர்க்கலாம். சவுண்டல் தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாதிருக்க வேண்டும். கறவைப் பசுவுக்கு வழக்கமான பிண்ணாக்கும் தவிடும் தாது உப்புக் கலவையும் தொடர்ந்து தேவை.

மேய்ச்சல் புறம்போக்கைப் பொறுத்தவரை, முதல் மழையோடே ஆடுமாடுகளை விடுவதால் கொழுக்கட்டைப் புல் விதை கட்டுமுன்பே அழிகிறது. காங்கேயம் பகுதியில் கொறங்காடுகளைக் கிளுவை வேலியால் பிரித்து, ஒன்றை மேய்க்கும்போது மற்றதை ஓய்வில் விடுகிறார்கள். பாளையங்கோட்டைக்குத் தெற்கேயுள்ள செம்மண் புன்செய்களிலும் கிராம அதிகாரிகள் ஊராரைக் கூட்டி, பாதி நிலத்தையாவது ஐப்பசி முதல் மார்கழி வரை அடைத்துவைத்துப் பார்க்கலாம்.