ஏதென்ஸ் – ஹெராக்லியன்: 23 நிமிடமா, 4 மணி நேரமா?

கிரீட் தீவுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தூரத்தை வேகத்தால் வகுத்து, வந்த விடையைப் பயண நேரம் என்று நம்பிவிடுகிறார்கள்.

தூரம் கண்டுபிடிப்பது சுலபம். ஏதென்ஸ் விமான நிலையம் 37.94 பாகை வடக்கு, 23.95 கிழக்கு. கிரீட்டில் உள்ள ஹெராக்லியன் விமான நிலையம் 35.34 வடக்கு, 25.18 கிழக்கு. அட்சரேகையில் ஒரு பாகை 111 கி.மீ.; தீர்க்கரேகையில் ஒரு பாகை இந்தப் பகுதியில் சுமார் 89 கி.மீ. அப்படியானால் தெற்கே 289, கிழக்கே 109. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 309 கி.மீ.

இனிமேல்தான் கவனம் வேண்டும். மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்தால் 23 நிமிடம் வரும். பயணச்சீட்டிலோ 50, 55 நிமிடம் போட்டிருக்கும். சீட்டில் இருப்பதுதான் சரி. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்பது வரை உள்ள நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும். 10,000 அடிக்குக் கீழே வழக்கமாக மணிக்கு 460 கி.மீ.க்கு மேல் பறக்க மாட்டார்கள். இவ்வளவு குறைந்த தூரத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுவார்கள். முழு வேகத்துக்கு இடமே இல்லை. அதனால் ஜெட் விமானத்துக்கு என் கணக்கு இதுதான்: தூரத்தை 750ஆல் வகுங்கள், அரை மணி கூட்டுங்கள். இங்கே 25ம் 30ம் சேர்ந்து 55. ஏதென்ஸ்–தெசலோனிக்கி 299 கி.மீ.; அதற்கும் இதே கணக்கு பொருந்தும். காசோஸ்–கார்பாதோஸ் தீவுகளுக்கு இடையிலானது போன்ற சில நிமிடப் பறத்தலுக்கு இதைப் போடாதீர்கள்.

கிரீஸ் நாடு முழுவதும் ஒரே கடிகாரம். நேர வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்து, வாசலிலிருந்து வாசல் வரை. ஏதென்ஸ் நகர நடுவில் உள்ள சிந்தாக்மாவிலிருந்து மெட்ரோவில் விமான நிலையத்துக்கு 40 நிமிடம். ஆனால் நீல வழியில் வரும் எல்லா ரயிலும் அங்கே போகாது. பல, டூகிசிஸ் பிளாகெண்டியாஸ் நிலையத்தோடு திரும்பிவிடும். ஏறுவதற்கு முன் ரயில் முகப்பில் விமான நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விமான நிலைய ரயில் சுமார் அரை மணிக்கு ஒன்றுதான், அந்தக் காத்திருப்புக்கும் அரை மணி ஒதுக்குங்கள். விமானம் கிளம்ப ஒன்றரை மணி முன்னதாகவே போய்விட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பறக்கும் நேரம், பெட்டி வர 20 நிமிடம், ஊருக்குள் போக 15 நிமிடம் எல்லாம் சேர்த்தால் 4 மணி நேரம் தாண்டிவிடும்.

போக வேண்டிய ஊர் கிரீட்டிலேயே உள்ள ஹானியா என்றால் ஹெராக்லியனுக்குச் சீட்டு எடுக்காதீர்கள். ஹானியாவுக்குத் தனி விமான நிலையம் உண்டு. சாலை வழியில் இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 140 கி.மீ.

விமானம் தவிர கப்பலும் உண்டு: ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பல் சுமார் 9 மணி நேரத்தில் ஹெராக்லியன் பழைய நகரத்தின் ஓரத்திலேயே கொண்டுவிடும். பகலில் போவதென்றால் விமானம். தூங்கிக்கொண்டே போகலாம் என்றால் கப்பல்.