தெருவிளக்குக்குச் சிலிகான் பூசாதீர்கள்

புனேயின் கட்கியில் மழை தொடங்கிவிட்டால் இதைக் கேட்காமல் தப்ப முடியாது: “லைட்டுக்குள்ள தண்ணி போயிருச்சு, ஓட்டையெல்லாம் அடைச்சுட்டா சரியாயிரும்.” சொல்வதோடு விடுவதும் இல்லை. சொசைட்டி வளாகக் கம்பங்களில் ஆள் ஏற்றி, ஃபிட்டிங்கின் இடுக்கிலெல்லாம் சிலிகானை அப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். பிழைத்திருக்கக்கூடிய விளக்கையும் இந்த வைத்தியம் கொன்றுவிடும்.

எல்இடி எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிகிறது. திடீரென மழை கொட்டியதும் ஃபிட்டிங் குளிர்ந்து, உள்ளழுத்தம் குறைகிறது. உடனே அது கேஸ்கெட் வழியாகவும், கேபிள் இழைகளின் நடுவிலிருந்தும்கூட ஈரக்காற்றை உறிஞ்சும். இதற்காகவே நல்ல ஃபிட்டிங்கில் சவ்வு வைத்த சிறு துளை ஒன்று இருக்கும். காற்றும் ஆவியும் அதில் போய்வரும், தண்ணீர் நுழையாது. நீங்கள் முதலில் அடைப்பது அந்தத் துளையைத்தான்! உள்ளே போன ஈரத்துக்குப் பிறகு வெளியேற வழி ஏது? விடிந்து பார்த்தால் கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். போதாததற்கு, வினிகர் வாடை வீசும் மலிவான சிலிகான் காயும்போது வெளிவிடும் அமில ஆவி செம்பை அரிக்கும். கேஸ்கெட் இறுகிப்போயிருந்தால் கேஸ்கெட்டை மாற்றுங்கள். கேபிள் நுழையும் இடத்தில் உள்ள கிளாண்ட் தளர்ந்திருந்தால் முடுக்குங்கள்.

அணைந்த ஃபிட்டிங்கைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் எல்இடி புள்ளிகள் நன்றாகவே இருக்கும். செத்திருப்பது எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர், அதில் கண்டென்சரின் தலை உப்பியிருக்கும். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஃபிட்டிங்கின் முதுகில் உள்ள அலுமினியத் தகடுகளில் புழுதியும் காக்கை எச்சமும் படிந்தால் சூடு எங்கே போகும்? ஆண்டுக்கொரு முறையாவது துடைக்கச் சொல்லுங்கள்.

“50,000 மணி நேரம் உழைக்கும், தொடவே வேண்டாம்” என்பார்கள். பெட்டியில் போட்டிருக்கும் அந்தக் கணக்கு பொதுவாக எல்இடியின் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் வரையிலான காலத்துக்கு உரியது. டிரைவருக்கு அது பொருந்தாது.

“சர்ஜ் புரொடெக்டர் இருக்கு, இடி ஒன்றும் செய்யாது.” ஒவ்வொரு அடியிலும் அது தேய்கிறது. எர்த் இல்லாத கம்பத்தில் அதனால் முழுக் காவல் தரவும் முடியாது.

உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் கம்பத்தின் அடி. எத்தனை கம்பங்களில் ஜங்ஷன் பாக்ஸின் கதவே இல்லை, பாருங்கள்! கணபதி விழா வந்தால் அதற்குள் கையை விட்டு சீரியல் விளக்குக்கு ஒயர் இழுக்கிறோம். மூன்று ஃபேஸ் லைனில் அப்படி இழுத்து நியூட்ரல் கழன்றால், 230 வோல்ட் விளக்கின்மேல் 400 வோல்ட் வரை பாயலாம். ஒரே இரவில் தெரு முழுக்க டிரைவர்கள் போகும். மழைக்காலத்தில் அந்தத் திறந்த ஒயரைக் குழந்தை தொட்டால் என்ன ஆகும்? விழா நடத்தும் மண்டல்கள் தற்காலிக மின் இணைப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மின் விநியோக நிறுவனமான மகாவிதரண் ஆண்டுதோறும் கேட்கிறது. எடுங்கள்.

சொசைட்டி கமிட்டியில் இருப்பவர்கள் மே மாதத்திலேயே லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து, சப்ளையை நிறுத்தி, ஒவ்வொரு நியூட்ரலையும் முடுக்கி, எர்த்தை மீட்டர் வைத்து அளந்து, கதவைப் பூட்டச் சொல்லுங்கள். சிலிகான் டியூபைக் குளியலறைக்கு வைத்துக்கொள்ளலாம்.