கம்ப்யூட்டருக்குப் பாலிஷ் வேண்டாம், சுத்தம் போதும்!

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். புளியில் உள்ள அமிலம், மேலே படிந்த கறுப்பைக் கரைத்து எடுத்துவிடுகிறது. பாலிஷ் என்பது பெரும்பாலும் இப்படி மேல் அடுக்கை நீக்கும் வேலைதான். கம்ப்யூட்டரில் இது கூடாது. எல்.சி.டி. மானிட்டரின் முகப்பு மெல்லிய பிளாஸ்டிக் படலம். பல மானிட்டர்களில் கண் கூசாமல் இருக்க அதன் மேல் ஒரு பூச்சும் உண்டு. தேய்த்து எடுத்துவிட்டால் அது திரும்ப வராது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் பல வீடுகளில் தறியும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். முன்பு புட்டா, பார்டர் டிசைன்களை கிராப் தாளில் வரைந்து, அட்டையில் துளையிட்டு, ஜக்கார்டு பெட்டியில் மாட்டினார்கள். இப்போது பல டிசைன்கள் கம்ப்யூட்டரில் உருவாகின்றன. (ஜக்கார்டின் அட்டைகளே பிற்காலக் கம்ப்யூட்டர்களின் துளை அட்டைகளுக்கு முன்னோடி என்பது சுவையான செய்தி.)

தறி வீட்டில் நூல் பிசிறு பறக்கும். பூஜை அறையிலிருந்து சாம்பிராணி, ஊதுபத்திப் புகையும் வரும். புகையின் பிசுபிசுப்பில் பிசிறு ஒட்டிக்கொண்டு, ப்ராசசரின் ஹீட் சிங்க் தகடுகளுக்கு இடையே அடைத்துக்கொள்ளும். காற்று போக வழியில்லாமல் ப்ராசசர் சூடாகித் தன் வேகத்தைக் குறைக்கும். மேலும் சூடானால் கம்ப்யூட்டர் திடீரென நின்றுவிடும். நீங்கள் சேவ் செய்யாத டிசைன் போனது போனதுதான்.

எப்போது சுத்தம் செய்வது?

மானிட்டர், கீ போர்டை வாரம் ஒருமுறை துடைக்கலாம். கேபினட்டின் உள்ளே சாதாரண வீட்டில் ஆறு மாதத்திற்கு ஒருமுறையும், தறி உள்ள வீட்டில் இரண்டு மாதத்திற்கு ஒருமுறையும் பார்ப்பது நல்லது. வேலை எதுவும் இல்லாதபோதும் பேன் இரைச்சலிட்டால் உடனே கவனியுங்கள்.

எப்படிச் செய்வது?

1. முக்கிய பைல்களை ஒரு பென் டிரைவில் காப்பி செய்திடுங்கள்.

2. ஷட் டவுன் செய்து, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பின் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள்.

3. மானிட்டரை மைக்ரோபைபர் துணியில் லேசாகத் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள். திரையில் நேரடியாக எதையும் தெளிக்காதீர்கள். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம்.

4. கேபினட்டைத் திறந்ததும் உள்ளே உள்ள இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொடுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

5. பேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் பிசிறை அகற்றுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனரை உள்ளே நுழைக்க வேண்டாம். அதன் குழாயில் நிலைமின்சாரம் உண்டாகும்.

6. பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதை மெத்தை மேலோ, நூல் கண்டுகளுக்கு நடுவிலோ வைக்காமல், காற்றுத் துளைகள் மூடாதபடி பலகை மேல் வையுங்கள். வேலை முடிந்து கம்ப்யூட்டர் குளிர்ந்ததும் பழைய பருத்திப் புடவைத் துணியால் மூடுங்கள். ஓடும்போது மட்டும் மூடாதீர்கள்.