கடிதம் கேட்க வரும் பிள்ளைகளுக்கு

அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். உதவித்தொகைப் பொறுப்பும் என் தலையில்தான். அதனால் என் மேஜையில் விடைத்தாளைவிட ஜெராக்ஸ் காகிதம் அதிகம்.

புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் பற்றி எல்லோருக்கும் தெரியும். தெரியாதது வங்கிக் கணக்கின் சூட்சுமம். "பேங்க்ல ஆதார் குடுத்துட்டேன் மேம், ஸ்காலர்ஷிப் இன்னும் ஏறலை" என்பார்கள். அடையாளத்துக்காக ஆதார் நகலைக் கொடுப்பது வேறு. மானியம் வரவேண்டிய கணக்கு இதுதான் என்று ஆதாரோடு இணைப்பது வேறு. ஆதார் வழியாக வரும் உதவித்தொகை, கடைசியாக எந்தக் கணக்கை அப்படி இணைத்தீர்களோ அங்கேதான் போகும். பள்ளியில் திறந்து மறந்துபோன கணக்கில் தன் பணம் சேர்ந்துகொண்டிருப்பது தெரியாமல் அலைந்த பெண்ணை எனக்குத் தெரியும். வங்கியில் "ஆதார் சீடிங் பண்ணணும்" என்றே கேளுங்கள்.

அறிவியல் படிப்பவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே குறிவைக்க வேண்டியது, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகை. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை, உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பத்தோடு நீங்கள் செய்ய விரும்பும் வேலை பற்றிய ஒரு குறிப்பும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். குறிப்பில் முக்கால்வாசிப் பேர் எழுதுவது, 'நானோ தொழில்நுட்பத்தில் எனக்கு ஆர்வம்'. யாருக்குத்தான் இல்லை? உங்கள் பாடத்தில் விடை கிடைக்காமல் உறுத்திய ஒரு கேள்வியை எழுதுங்கள், போதும்.

கடிதம் கேட்பதில்தான் ரொம்பப் பேர் கோட்டை விடுகிறார்கள். கடைசி நாள் மாலை வந்து நின்றால், 'புத்திசாலி, ஒழுக்கமானவர்' என்றுதான் என்னால் எழுத முடியும். அப்படி ஒரு கடிதத்தை யார் மதிப்பார்கள்? ஒரு மாணவி இரண்டு வாரம் முன்பே வந்தாள். மதிப்பெண் பட்டியலோடு ஒரு தாளில், ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனையில் ரீடிங் ஒத்துவராதபோது என்ன செய்தாள் என்று நாலு வரி எழுதியிருந்தாள். ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்து, பிரிசம் மேடை சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, முதலிலிருந்து எடுத்திருக்கிறாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது. கடிதம் தானாக எழுந்தது. ஆசிரியருக்கு இப்படி ஞாபகமூட்டுவதில் கூச்சமே வேண்டாம்.

விண்ணப்பத்தில் என்பிடெல் (NPTEL) இணையவழிப் படிப்புகளைச் சேர்ப்பதானால் ஒன்றிரண்டு போதும். வகுப்பு இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். வாராந்தர அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிகிறது. பத்துச் சான்றிதழை அடுக்கி வைத்துக்கொண்டு நேர்காணலில் ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் விழிப்பவர்களைப் பார்த்தாயிற்று.

பி.ஏ., பி.காம். பிள்ளைகள் தொழிற்பழகுநர் பயிற்சி என்றாலே இன்ஜினியர்களுக்கானது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் கலைப் பட்டதாரிகளுக்கும் ஒரு வருஷப் பயிற்சியும் மாத உதவித்தொகையும் உண்டு. தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. இந்தப் பயிற்சிக்கான தேசிய இணையதளத்தில் மாணவர்கள் பதிவு செய்யக் காசு கிடையாது. பதிவுக் கட்டணம் என்று யாராவது போனில் கேட்டால் துண்டித்துவிடுங்கள்.