சூரியப் புயலும் காந்த ஊசியும்

மழை, வெயில், காற்று ஆகியவற்றைக் கொண்டே வானிலையைக் கூறுகிறோம். காற்றே இல்லாத விண்வெளியிலும் ஒரு வானிலை உண்டு என்றால் வியப்பாக இல்லையா? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அதைப் பற்றிப் படித்தறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

சூரியன் ஒளியை மட்டும் தருவதில்லை. மின்னூட்டம் பெற்ற துகள்களையும் இடைவிடாது வீசுகிறது. இதுவே சூரியக் காற்று. பூமியின் காந்த மண்டலம் ஒரு குடையாக நின்று அதைப் பெரும்பாலும் விலக்கிவிடுகிறது. சில வேளைகளில் சூரியன் வெடித்து, பல கோடி டன் பொருளை நம்மை நோக்கி எறியும். அப்போது அந்தக் குடை அதிரும்; பூமியிலுள்ள காந்த ஊசியும் அசையும். இதற்குக் காந்தப் புயல் என்று பெயர்.

1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் சூரியனில் ஒரு பேரொளியைக் கண்டார். சுமார் பதினேழரை மணி நேரத்தில் புயல் பூமியைத் தாக்கியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திப் போக்குவரத்து தடுமாறியது. பம்பாயில் கொலாபா ஆய்வகத்து ஊழியர்களோ வழக்கம்போல் காந்த ஊசியைப் பார்த்து, அளவுகளை ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தனர். அமைதியான நாளில் சில பத்து நானோடெஸ்லா மட்டுமே மாறும் காந்தப்புலம், அன்று சுமார் 1,600 நானோடெஸ்லா குறைந்தது. 2003-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அந்தப் பழைய ஏட்டைக் கொண்டே அப்புயலின் வலிமையைக் கணக்கிட்டனர்.

பின்னர் பம்பாயில் மின்சார டிராம் வண்டிகள் வரவிருந்தன. அவற்றின் மின்னோட்டம் ஊசியைக் கலைத்துவிடும் என்பதால், 1904-இல் அலிபாக்கில் புதிய ஆய்வகம் அமைக்கப்பட்டது. ஆலைகளும் மின்கம்பிகளும் லாரிகளும் நிறைந்த நம் ஓசூரில் அத்தகைய ஊசியை வைத்தால், அது சூரியனின் செய்தியைச் சொல்லாது. நம் இயந்திரங்களின் இரைச்சலையே சொல்லும்!

ஆயினும் அச்செய்தி ஓசூருக்கும் தேவை. 1989 மார்ச் 13 அன்று காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சுமார் 60 லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். துருவங்களை ஒட்டிய நாடுகளுக்கே இந்த அபாயம் அதிகம். நமக்கு வேறொரு தொல்லை உண்டு. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலம் அடர்த்தியானது. புயலில் அது கலங்கினால் செயற்கைக்கோள் சமிக்ஞைகள் தடுமாறும். லாரி ஓட்டுநரின் கைப்பேசி காட்டும் இடமும் பிசகும். இதனாலேயே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியிலும் ஓர் ஆய்வு மையம் வைத்திருக்கிறது.

2023 செப்டம்பர் 2 அன்று நம் நாடு ஏவிய ஆதித்யா-எல்1 பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனைக் கவனிக்கிறது. கருவிகள் மாறினாலும் வேலை ஒன்றே: நாள்தோறும் பார்ப்பது, பார்த்ததைப் பிழையின்றிக் குறிப்பது. தோழியரே, நம் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் எழுதும் ஒவ்வோர் எண்ணையும் அந்தக் கொலாபா ஊழியர்களைப் போல் கவனமாக எழுதுவோமாக!