கிருமிகள் மருந்துக்குப் பழகுகின்றனவா?

"அந்த மருந்து இப்போது கேட்பதில்லை, கிருமிகள் பழகிவிட்டன" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் கிருமி பழகுகிறதா? அல்லது பழக வேண்டிய தேவையே இல்லாத கிருமி முன்பே அங்கு இருந்ததா? இந்தக் கேள்விக்கு விடை கண்ட கதை சுவையானது.

லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் என்னும் பெண் மருத்துவர், நோயாளிகளிடமிருந்து ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை எடுத்துச் சோதித்தார். கட்டிகளில் சீழ் பிடிக்கவும், அறுவைப் புண் ஆறாமல் போகவும் இது ஒரு முக்கிய காரணம். பெனிசிலினுக்கு மடியாதவை 1946-இல் நூற்றுக்கு 14, 1947-இல் 38, 1948-இல் 59! பெனிசிலினேஸ் என்ற நொதியைச் சுரந்து இவை மருந்தையே சிதைத்தன. இவ்வகை முன்பே சிறிதளவு இருந்தது, மற்றவை மருந்தால் மடிய இது நோயாளிக்கு நோயாளி பரவியது என்பது பார்பரின் கருத்து.

மருந்து படுவதற்கு முன்பே எதிர்ப்பு இருக்கக்கூடும் என்பதை எப்படிக் காட்டுவது? 1952-இல் அமெரிக்காவில் எஸ்தர் லெடர்பர்க், ஜோஷுவா லெடர்பர்க் தம்பதியர் இதற்குப் பயன்படுத்திய கருவி ஒரு வெல்வெட் துணி! தையல் வகுப்பில் கார்பன் தாளை வைத்துப் பூவேலை மாதிரியைப் பதிப்போமே, அதுபோலத்தான். பாக்டீரியா வளர்ந்த தட்டில் துணியை ஒற்றி, ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த புதிய தட்டுகளில் பதித்தனர். எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்தில் சில பிழைத்தன. மருந்தையே கண்டிராத மூலத் தட்டில் அதே இடத்திலிருந்து எடுத்து, மீண்டும் மீண்டும் இவ்வாறு செய்தபோது எதிர்ப்புள்ள பாக்டீரியாவே கிடைத்தது. அவற்றின் மரபணுவில் மாற்றம் தானாகவே நிகழ்ந்திருந்தது. மருந்து அவற்றைப் பொறுக்கி எடுத்ததே தவிர உண்டாக்கவில்லை. (1958-இல் ஜோஷுவா நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எஸ்தருக்குப் பங்கில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.)

ஆனால் கதை இங்கே முடியவில்லை. 1950-களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமியான ஷிகெல்லா, சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்குக்கும் ஒருசேர மசியாமல் நின்றது. நான்கு மாற்றங்கள் ஒரே கிருமியில் தற்செயலாக நேருவது அரிது. குடலில் சாதுவாக வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுடன் சேர்த்து வளர்த்தால் எதிர்ப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது என்பதை ஓச்சியாய், அகீபா ஆகியோர் 1959-இல் காட்டினர். பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் எதிர்ப்பு மரபணுக்கள் கோத்த மணிகள் போல இருக்கின்றன. வளையம் கைமாறும்போது எல்லாம் சேர்ந்தே போகின்றன. ஆகவே நான்கில் ஒரு மருந்தை மட்டும் கொடுத்தாலும், நான்குக்கும் எதிர்ப்புள்ள கிருமியே பிழைத்துப் பெருகும்.