அம்பை முதலில் வரை

அன்புத் தம்பிக்கு,

ஐந்தாம் வகுப்பு அறிவியல் நூலுக்காக நீ வரைந்தனுப்பிய குளத்துப் படம் வந்து சேர்ந்தது. சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகத்தை நேரில் பார்த்து வரைந்திருக்கிறாய், தெரிகிறது. விராலின் உடல் வரிகளும் சரி. அம்புக்குறிகளை மட்டும் கடைசியில், கை சலித்த நேரத்தில், ஒரே கனத்தில் இழுத்து முடித்திருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பாடநூலுக்கு வரைய வரும் உன் வயதுக்காரர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

உணவு வலைப் படத்தில் பாடம் அம்பில் இருக்கிறது. விலங்கு கோணலாக இருந்தால் பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போவார்கள். அம்பு கோணலாக இருந்தால் அப்படியே படித்துக்கொள்வார்கள்.

முதலில் திசை. உன் படத்தில் நீர்க்காகத்திலிருந்து விராலுக்கு அம்பு போகிறது. ‘இது அதைத் தின்கிறது’ என்று மனத்தில் சொல்லிக்கொண்டே வரைந்திருப்பாய். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே தப்பைச் செய்தேன், அச்சாகியும் விட்டது. ஓர் ஆசிரியை அஞ்சலட்டையில் ஒரே வரி எழுதிக் கேட்டார்: “உங்கள் ஊரில் தவளை பாம்பைத் தின்னுமா?” அன்றைக்குப் புத்தி வந்தது. விராலின் உடம்பில் இருந்த ஆற்றல் நீர்க்காகத்துக்குப் போகிறது. ஆகவே அம்பின் கூர் தின்பவர் பக்கம் இருக்க வேண்டும்.

அடுத்தது கனம். இதற்கு ஒரு நீரூற்றின் கணக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற தெளிந்த ஊற்று இருக்கிறது. ஹோவர்டு ஓடம் என்ற சூழலியலாளர் அதில் ஆற்றல் நடக்கும் வழியை அளந்து 1957இல் வெளியிட்டார். ஒரு சதுர மீட்டருக்கு ஓர் ஆண்டில் சுமார் 17,00,000 கிலோகலோரி வெயில் விழுகிறது. நாடாப் பூண்டும் அதன் இலைமேல் படியும் பாசியும் அதில் பிடித்துவைப்பது 20,810. தாங்கள் உயிர்வாழவே அவை 11,977ஐச் செலவழித்துவிடுகின்றன. மிச்சம் 8,833. அதைத் தின்னும் ஆமை, நத்தை வகையறாக்கள் தம் உடம்பாக்குவது 1,478. அவற்றைத் தின்பவை சேர்ப்பது 67. உச்சியில் நிற்கும் பெரிய மீன்களுக்கு எஞ்சுவது வெறும் 6.

இப்போது அளவுகோலை எடு. 100 கிலோகலோரிக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். செடியில் மிஞ்சிய 8,833க்கு அம்பு உள்ளங்கை அகலம் வரும். தாவரம் தின்பவற்றுக்கு ஒன்றரைச் சென்டிமீட்டர். அடுத்ததற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உச்சி மீனுக்குத் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. உன் மிக மெல்லிய தூரிகையாலும் அதை இழுப்பது கஷ்டம். புலியும் கழுகும் ஏன் எண்ணிக்கையில் குறைவு என்று பிள்ளைக்குத் தனியாக விளக்கவே வேண்டாம். அந்தக் கோட்டைப் பார்த்தாலே புரிந்துவிடும். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் பத்தில் ஒரு பங்கே ஏறும் என்று பாடநூலில் வரும் பத்து விழுக்காடு விதி தோராயம்தான் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மேலே சொன்ன மூன்று படிகளில் ஏறியது ஏறக்குறைய 17, 4.5, 9 விழுக்காடு.

குறைந்த பங்கு எங்கே போனது? மீன் நீந்துகிறது, நத்தை ஊர்கிறது, எல்லாம் மூச்சு விடுகின்றன. அதெல்லாம் வெப்பமாகிக் குளத்தைவிட்டுப் போய்விடுகிறது. ஒவ்வொரு உயிரிலிருந்தும் படத்துக்கு வெளியே ஓர் அம்பு போக வேண்டும். உன் படத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை.

சேற்றையும் வெறும் பழுப்பு நிறமாக விட்டுவிட்டாய். அதே ஊற்றில் தாவரம் தின்பவை உட்கொண்டது 3,368 கிலோகலோரி. உதிர்ந்ததையும் செத்ததையும் சிதைக்கும் பாக்டீரியா முதலியவற்றுக்குப் போனதோ 5,060. கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துக்குத்தான் பெரிய பந்தி. ஆகவே ஒவ்வொரு உயிரிலிருந்தும் ஓர் அம்பைச் சேற்றுக்கு இறக்கு. நீர்க்காகத்திலிருந்தும்தான்.

வெளியிலிருந்து வருவதையும் மறக்காதே. கண்ணாடி அடித்தளப் படகில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் மீனுக்கு வீசிய ரொட்டியையும் ஓடம் விடவில்லை. 486 என்று கணக்கில் ஏற்றினார். நம் கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போடுகிறோமே, அந்தப் பொரிக்கும் ஓர் அம்பு உண்டு. அது எங்கோ வயலில் விழுந்த வெயில்.

கடைசியாக ஒன்று. அம்புகள் வட்டமாகச் சேர்ந்தால் படம் அழகாக இருக்கும். கை தானாகவே அப்படிப் போகும். விட்டுவிடாதே. தழைச்சத்தும் மணிச்சத்தும் சேற்றில் மட்கித் திரும்பச் செடிக்கு வரும். அவற்றை வட்டமாக வரை, வேறு நிறத்தில். வெப்பமாகப் போன ஆற்றலைச் செடியால் மறுபடி பிடிக்க முடியாது. அது ஒருவழிப் பாதை. அதனால்தான் குளத்துக்குத் தினமும் புது வெயில் தேவைப்படுகிறது. உன் குளத்துக்கு மேலே சூரியனைக் காணோம். முதலில் அதைப் போடு.

அடுத்த படத்துக்கு உட்காரும்போது, வெள்ளைத்தாளில் அம்புகளை மட்டும் பென்சிலால் போட்டு எனக்கு அனுப்பு. திசையும் கனமும் சரியாக இருந்தால் சொல்கிறேன். நீர்க்காகத்தை அப்புறம் வரையலாம். அது உனக்கு ஏற்கெனவே கைவந்திருக்கிறது.

அன்புடன்,
உன் அண்ணன்